25 இன்ச் டாப்சோனியன் வாங்கலாமா? பார்வை, எடை, ஏணி, கண்ணாடி பற்றிச் சில கேள்விகள்

வடமீன்

வணக்கம். இப்போது பயன்பாட்டில் இருப்பது 12 இன்ச் எஃப்/5 டாப்சோனியன், அதாவது குவிய நீளம் கண்ணாடி விட்டத்தைப்போல் ஐந்து மடங்குள்ள, பெட்டித் தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி. 25 இன்ச் எஃப்/5 ட்ரஸ் வகைத் (ஒரே குழலுக்குப் பதில் மெல்லிய குழாய்களைப் பூட்டும்) தொலைநோக்கி ஒன்று கைமாறி வர வாய்ப்பிருக்கிறது. முதன்மைக் கண்ணாடி போரோசிலிகேட், 50 மி.மீ. தடிமன். அதன் பின்பக்கத்துக்கு 18 புள்ளித் தாங்கல். மோட்டார் கிடையாது.

ஒளி 4.3 மடங்கு, 1.6 மாக்னிட்யூட் (விண்மீன் வெளிச்ச அளவு, எண் கூடினால் மங்கல்) கூடுதல் என்று கணக்குச் சொல்கிறது. அந்த எண் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) என்னவாகத் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, இதை ஒரே ஆள் ஏற்றி, இறக்கி, பூட்டி, விடியலில் திரும்பக் கொண்டுவர முடியுமா? வைக்கும் அறை தரைத்தளம்தான், ஆனால் வாசலில் இரண்டு படி. இருட்டான வானம் ஒரு மணி நேரப் பயணத்தில். மூன்றாவது, ஏணி எந்த அளவுக்குத் தொல்லை? இதற்குப் பதிலாக 20 இன்ச் எஃப்/3.3 பக்கம் போவது புத்திசாலித்தனமா? பழைய கண்ணாடியில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீள்இரவு

பார்வை பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மரவேலையும் கண்ணாடியும் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பெரிய தொலைநோக்கி ஒரு கேலக்ஸியை இன்னும் பளிச்சென்று காட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பரப்புள்ள எந்தப் பொருளின் பரப்பு வெளிச்சமும், எத்தனை பெரிய கண்ணாடி வைத்தாலும், வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவைத் தாண்டாது. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம்தான், அதாவது எக்சிட் பியூப்பில்தான், வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. அந்த விட்டம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 இன்ச்சில் அது 76 மடங்கு உருப்பெருக்கத்தில் கிடைக்கும். 25 இன்ச்சில் அதே 4 மி.மீ. 159 மடங்கில் கிடைக்கும். வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் உருவம் நீளத்தில் இரண்டு மடங்கு, பரப்பில் நான்கு மடங்குக்கு மேல்.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. மங்கலான பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு குறைந்த கான்ட்ராஸ்ட்டிலும் கண் அதைப் பிடித்துவிடும். பிளாக்வெல் 1946-இல் வெளியிட்ட பார்வைச் சோதனை அளவீடுகள் இதைத்தான் காட்டின. 12 இன்ச்சில் 'ஏதோ ஒரு கறை' என்று தோன்றியது 25 இன்ச்சில் வடிவமுள்ள பொருளாக மாறுவது இதனால்தான்.

உதாரணத்துக்கு எம் 51 என்ற கேலக்ஸி. அதன் சுருள் வடிவத்தை 1845-இல் லார்ட் ராஸ் தன் 72 இன்ச் உலோகக் கண்ணாடியில் முதன்முதலாகக் கண்டார். நல்ல இருட்டில் 12 இன்ச்சே இன்று அந்தச் சுருளைக் காட்டிவிடும். 25 இன்ச்சில் கைகளுக்குள் இருக்கும் முடிச்சுகள், துணைக் கேலக்ஸியான என்ஜிசி 5195-ஐ நோக்கி நீளும் பாலம், கைகளுக்கு இடையில் உள்ள கருமை எல்லாம் நேராகப் பார்க்கும்போதே தெரிய ஆரம்பிக்கும். ஸ்டெஃபானின் ஐவர் என்ற கேலக்ஸிக் கூட்டத்தில் என்ஜிசி 7318 ஒற்றைத் தீற்றல் அல்ல, இரண்டு கருக்கள் என்பது பிரிந்து தெரியும். பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தில் என்ஜிசி 1275-ஐச் சுற்றி ஒரு டிகிரிக்குள் டஜன் கணக்கில் எண்ணலாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குச் சொந்தமான ஜி1 என்ற கோளக் கொத்தை (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டத்தை), அது வெறும் விண்மீன் அல்ல என்று தெரியும் அளவுக்குப் பார்க்கலாம். 13.7 மாக்னிட்யூட், அதுவும் நம் பால்வழிக்கு வெளியே உள்ள கோளக் கொத்து! எம் 13 போன்ற கோளக் கொத்துகளை வர்ணிக்கப் போவதில்லை. நடுப்பகுதிவரை விண்மீன்களாக உதிர்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் சிறிய தொலைநோக்கிக்குத் திரும்பத் தயங்குவார்கள்.

நிறம் பற்றியும் கேட்பார்கள். ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதியில் பச்சை உறுதி. ஓரங்களில் துருச்சிவப்புச் சாயல் பலருக்குத் தெரியும், எல்லாருக்கும் அல்ல. சிறிய கோள்வடிவ நெபுலாக்களில் (முதிர்ந்த விண்மீன்கள் உதறிய வாயுக் கூடுகளில்) நீலப்பச்சை சந்தேகமில்லாமல் வரும். கேலக்ஸிகளில் நிறம் எதிர்பார்க்க வேண்டாம்.

இழப்பும் உண்டு. 3175 மி.மீ. குவிய நீளத்தில் 2 இன்ச் ஐபீஸ் காட்டக்கூடிய அதிகபட்ச வானம் சுமார் 0.83 டிகிரி. உங்கள் 12 இன்ச்சில் அதுவே 1.7 டிகிரி. கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்காது, வெய்ல் நெபுலாவைத் துண்டு துண்டாகத்தான் மேய வேண்டும். நெபுலாவின் ஒளியை விட்டு மற்றதைத் தடுக்கும் ஓ-3 வடிகட்டியோடு அந்தத் துண்டுகளில் தெரியும் இழைகள் வேறு ரகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 இன்ச்சை விற்காதீர்கள்.

வானத்தின் இருட்டு விட்டத்தைவிட முக்கியம். இருட்டையும் மாக்னிட்யூட் கணக்கில் அளப்பார்கள், எண் கூடினால் இருட்டு அதிகம். 21.5 அளவுள்ள வானத்துக்கும் 18.5 அளவுள்ள வானத்துக்கும் பின்புல வெளிச்சத்தில் 16 மடங்கு வித்தியாசம். 25 இன்ச் கண்ணாடி கேலக்ஸியின் ஒளியோடு பின்புலத்தின் ஒளியையும் சேர்த்தேதான் அள்ளுகிறது, கான்ட்ராஸ்ட் மாறுவதில்லை. மங்கலான கேலக்ஸிகளுக்கு இருட்டில் நிற்கும் 10 இன்ச், நகர வானத்தில் நிற்கும் 25 இன்ச்சை வென்றுவிடும். கோளக் கொத்துகளிலும் சிறிய கோள்வடிவ நெபுலாக்களிலும் மட்டும் நகரத்திலும் பெரியதற்குப் பலன் உண்டு.

கோள்கள்? 25 இன்ச்சின் பிரிதிறன் கணக்கில் 0.18 விகலை (ஒரு டிகிரிக்கு 3600 விகலை). காற்றின் சீயிங், அதாவது அதன் அலைவால் உருவம் கலங்கும் அளவு, பெரும்பாலான இரவுகளில் 1.5 முதல் 3 விகலை. ஆகவே அந்தக் கணக்கு பெரும்பாலும் தாளிலேயே இருக்கும். காற்று அசையாத அபூர்வ இரவில் வியாழன் காட்டுவது வேறு எதிலும் கிடைக்காது என்பதும் உண்மை. மற்ற இரவுகளுக்கு மூடியில் ஓரமாக 25 செ.மீ. துளை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். செகண்டரியும் (ஒளியை ஐபீஸ் பக்கம் திருப்பும் சிறு கண்ணாடியும்) அதன் தாங்கு தகடுகளும் குறுக்கிடாத எஃப்/12.7 தொலைநோக்கி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 8 இன்ச்சோடு நல்ல கேமரா வைத்து அரை நிமிடம் ஒளியைச் சேர்த்தால், 25 இன்ச்சில் கண் பார்ப்பதைவிட அதிக விவரம் திரையில் வரும். அந்த ஒளி நேராகக் கண்ணில் விழ வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்கலாம். அந்த ஆசை இருப்பவருக்கு வேறு எதுவும் ஈடாகாது.

பலகைத்தச்சன்

கண்ணாடி மட்டும் கணக்குப் போட்டால் 35 கிலோ. தாங்கல், பெட்டி சேர்த்தால் கண்ணாடிப் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். ராக்கர் பெட்டி (கண்ணாடிப் பெட்டி அமர்ந்து ஆடும் வெளிப்பெட்டி), அடித்தட்டு, மேல்கூடு (செகண்டரியும் ஐபீஸும் உள்ள மேல்பகுதி), எட்டுக் குழாய்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 100 கிலோவுக்குக் குறையாது. யாரும் இதைத் தூக்குவதில்லை, உருட்டுகிறார்கள். ஆகவே 'தூக்க முடியுமா' என்ற கேள்வியை விட்டுவிட்டு, உருட்டும் பாதை முழுவதையும் அளந்து பாருங்கள்.

முதலில் கதவு. 635 மி.மீ. கண்ணாடிக்குச் சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி, 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு பக்கம் என்றால் பெட்டி 720 மி.மீ. அதற்கு வெளியே ராக்கரின் பக்கப்பலகைகள் வந்தால் 80 செ.மீ. ஆகிவிடும். சக்கரக் கைப்பிடியைப் பக்கவாட்டில் பூட்டினால் இன்னும் கூடும். பல வீட்டு உள்கதவுகள் இதைவிடக் குறுகல். கதவின் பலகையை அளக்காதீர்கள். திறந்த நிலையில் கதவுக்கும் எதிர் நிலைக்கும் இடையே மிஞ்சும் வழியை அளக்க வேண்டும்.

அடுத்து சாய்பலகை. ராக்கரும் கண்ணாடிப் பெட்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். வண்டியின் தளம் 60 செ.மீ. உயரம். 2.4 மீட்டர் பலகையில் தள்ள வேண்டிய விசை 22 கிலோவுக்குச் சமம், அதோடு உருளும் உராய்வு. பலகையை 1.5 மீட்டராகக் குறைத்தால் 36 கிலோ. முதலாவதை ஒரே ஆள் நிதானமாகச் செய்யலாம். இரண்டாவது முதுகைப் பிடித்துவிடும், இறக்கும்போது கையை மீறியும் ஓடும். வாசல்படி இரண்டும் சேர்ந்து 36 செ.மீ. என்றால் 2 மீட்டர் பலகை போதும், 16 கிலோதான். காற்றடைத்த சக்கரமாக, குறைந்தது 25 செ.மீ. விட்டத்தில் போடுங்கள். சின்ன உருளைச் சக்கரம் மண்ணில் புதையும். பலகை முடிந்து வண்டித் தளம் தொடங்கும் முனையில் பெட்டியின் அடி உரசும், அந்த இடத்துக்கு 8 முதல் 10 செ.மீ. தரை இடைவெளி வேண்டும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வண்டிக்குள் இரும்பு வளையத்தில் பெல்ட் போட்டுக் கட்டாமல் நகராதீர்கள். பிரேக் பிடித்தால் 90 கிலோ முன்னால் வரும்.

பழகியபின் பூட்ட 30 முதல் 45 நிமிடம் ஆகும். மேல்கூட்டை எட்டுக் குழாய்களின் தலையில் ஏற்றுவதுதான் ஒரே ஆளுக்குக் கடினமான கட்டம். 25 இன்ச் எஃப்/5-இல் குழாய்கள் செங்குத்தாக நிற்கும்போது அது தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். பெட்டியைப் படுக்கவைத்த நிலையில் பூட்டும் வடிவமா என்று விற்பவரிடம் கேளுங்கள். அப்படியென்றால், மேல்கூடு ஏறும்வரை பெட்டி தானாக நிமிராமல் இருக்க ஒரு பூட்டு தேவை. கண்ணாடியின் எடை அதைச் செங்குத்தாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

ஏணிக்கு வருகிறேன். உச்சியை நோக்கும்போது ஐபீஸ் 3.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். கண் 1.6 மீட்டரில் இருப்பவர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே நிற்க வேண்டும், இருட்டில், பல மணி நேரம். 45 டிகிரியில்கூட ஐபீஸ் 2.4 மீட்டரில்தான். படிகள் பாதம் முழுதும் பதியும் அகலத்தில் இருக்க வேண்டும். சமதளமற்ற தரையில் மூன்று கால் ஏணி நான்கு கால் ஏணியைவிட நன்றாக உட்காரும். கைப்பிடி ஏணியில்தான் இருக்க வேண்டும். தடுமாறும்போது குழாயைப் பிடித்தால் தொலைநோக்கியும் சேர்ந்து சுழலும். கீழ்ப்படியில் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று கட்டுங்கள், 'இதுதான் கடைசிப் படி' என்று நினைத்துக் காலை வைப்பதில்தான் விழுகிறார்கள். நண்பர்கள், குழந்தைகள் பார்க்க வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும்.

20 இன்ச் எஃப்/3.3-இன் குவிய நீளம் 1676 மி.மீ. உச்சியிலும் ஐபீஸ் ஏறக்குறைய 1.6 மீட்டரில். தரையில் நின்றபடி, சற்றுக் கீழிறங்கினால் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அதன் கண்ணாடி 50 மி.மீ. தடிமனிலும் 22 முதல் 23 கிலோதான், பெட்டி 68 செ.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் வாசலுக்கும் வண்டிக்கும் இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

வில்லியம் ஹெர்ஷலே 1789-இல் 48 இன்ச் கண்ணாடியோடு 40 அடித் தொலைநோக்கியை முடித்தார். திருப்பவும் தயார்ப்படுத்தவும் பணியாட்கள் தேவைப்பட்டார்கள், உலோகக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. அவர் தொடர்ந்து நம்பியது 18.7 இன்ச் கண்ணாடி கொண்ட 20 அடிக் கருவியைத்தான்.

சாணைக்கல்

கண்ணாடிச் சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள். மரத்தை மாற்றலாம், குழாயை மாற்றலாம். கண்ணாடி சரியில்லை என்றால் அது 100 கிலோ மரச்சாமான் மட்டுமே.

பெரிய, ஒப்பீட்டளவில் மெல்லிய கண்ணாடிகளில் முதல் எதிரி அஸ்டிக்மாடிசம், அதாவது வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத குறை. கண்ணாடி குளிர்ந்தபின், 200 மடங்குக்கு மேல் வைத்து, நடுத்தர ஒளியுள்ள விண்மீனைக் குவியத்துக்குச் சற்று உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகி, மறுபக்கம் போகும்போது அந்த நீளம் 90 டிகிரி திரும்பினால் அஸ்டிக்மாடிசம். உடனே கண்ணாடியைக் குறை சொல்லிவிடக் கூடாது. தலையைச் சாய்த்துப் பாருங்கள்: நீள்வட்டம் கூடவே திரும்பினால் குறை உங்கள் கண்ணில். ஐபீஸைச் சுழற்றுங்கள், அதோடு திரும்பினால் ஐபீஸில். இரண்டும் இல்லையென்றால் முதன்மைக் கண்ணாடியைத் தாங்கலில் 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். கண்ணாடியோடு சேர்ந்து திரும்பினால் அது கண்ணாடிக்குள் இருக்கிறது, திருத்துவதற்கு மீண்டும் தேய்க்க வேண்டும். திரும்பாமல் அதே திசையில் நின்றால் தாங்கலோ செகண்டரியோ காரணம், அதைச் சரிசெய்யலாம்.

இந்தச் சோதனையை உச்சிக்கு அருகிலும் 30 டிகிரி உயரத்திலும் தனித்தனியாகச் செய்யுங்கள். உச்சியில் நன்றாக இருந்து தாழ்வில் கெட்டால், சாய்ந்த கண்ணாடியின் விளிம்பைத் தாங்கும் ஓரத் தாங்கல்தான் குற்றவாளி. ஓரத் தாங்கல் கண்ணாடியின் ஈர்ப்பு மையத் தளத்தில் தொட வேண்டும். 635 மி.மீ. எஃப்/5 கண்ணாடியில் குழிவின் ஆழம் 8 மி.மீ.; ஓரம் 50 மி.மீ. தடிமன் என்றால் ஈர்ப்பு மையம் பின்பக்கத்திலிருந்து சுமார் 23 மி.மீ. பட்டை வகைத் தாங்கல் சில மி.மீ. மேலேறினாலே போதும், கண்ணாடி வளைந்து படம் கெடும். நெம்புகோல் வகையில், அதாவது இரண்டு கைகளில் நான்கு தொடுபுள்ளிகள் உள்ளதில், அந்த நகர்வு இருக்காது. பழைய கருவியில் பட்டை இருந்தால் மாற்றிவிடலாம், ஒரு வார இறுதி வேலை. பின்பக்கம் சிலிக்கோன் பசையால் ஒட்டியிருந்தால் அதை வெட்டி எடுங்கள். இந்த அளவுக் கண்ணாடியில் பசை இழுவிசை தந்து உருவத்தைக் கெடுக்கும்.

18 புள்ளி இந்த விட்டத்துக்கும் தடிமனுக்கும் குறைந்தபட்சம். புள்ளிகளின் ஆரங்கள் சரியா என்று டேவிட் லூயிஸ் எழுதிய பிளாப் என்ற இலவச மென்பொருளில் விட்டம், தடிமன், குவிய நீளம், செகண்டரி அளவு கொடுத்துச் சரிபாருங்கள். முக்கோணங்கள் தம் அச்சில் தடையில்லாமல் ஆடுகின்றனவா என்று கையால் தொட்டும் பாருங்கள். துருவோ, இறுக்கிய நட்டோ ஒன்றைப் பிடித்து வைத்தால் 18 புள்ளி இருந்தும் பயனில்லை.

குளிர்வது தனிப் பிரச்சினை. 50 மி.மீ. கண்ணாடி விசிறி இல்லாமல் காற்றின் வெப்பநிலைக்கு வர இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். இரவு முழுதும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போனால் அது எட்டிப்பிடிக்காமலே விடிந்துவிடும். சூடான கண்ணாடியின் முகத்தை ஒட்டி ஒரு வெப்பக் காற்றுப் படலம் தங்கும். விண்மீன்கள் பஞ்சுபோல் ஊதித் தெரிய அதுவே காரணம். இதைப் பலர் சீயிங் சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் 12 வோல்ட், 120 மி.மீ. விசிறிகள் மூன்று நான்கு வையுங்கள், முகத்துக்குக் குறுக்கே ஊதும் சிறிய விசிறிகள் இரண்டு. திருகி இறுக்காமல் ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டால் அதிர்வு வராது. வெப்பநிலையைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் ஒட்டிய உணரியால் அளக்க வேண்டும். அகச்சிவப்புத் துப்பாக்கியை அலுமினியப் பூச்சின் மேல் நீட்டினால் அது எதிரொளிக்கும் வானத்தையும் கூட்டையும்தான் அளக்கும். காற்றோடு வித்தியாசம் 1 டிகிரிக்குள் வந்தால் 300 மடங்குக்குத் தயார்.

இனி 20 இன்ச் எஃப்/3.3. ஏணி போகிறது, அதற்கான விலை ஒளியியலில் கேட்கப்படும். கோமா (ஓரத்தில் விண்மீன்கள் வால் முளைத்ததுபோல் தெரியும் குறை) இல்லாத நடு வட்டம் எஃப்/5-இல் 2.7 மி.மீ., எஃப்/3.3-இல் 0.8 மி.மீ. ஆகவே பாராகார் போன்ற கோமா திருத்தி கட்டாயம், அது குவிய நீளத்தை 1.15 மடங்காக்கும். உயர் உருப்பெருக்கத்தில் முதன்மைக் கண்ணாடியின் அச்சு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு எஃப்/5-இல் 0.6 மி.மீ., எஃப்/3.3-இல் 0.2 மி.மீ.க்குக் கீழ். கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் சாதாரண லேசர் அந்த 0.2-ஐ நம்பகமாகக் காட்டாது. முதலில் லேசரால் செகண்டரியைத் திருத்தி, புள்ளியை முதன்மைக் கண்ணாடியின் நடுக்குறியில் விழவையுங்கள். பிறகு லேசரை, ஒளியை விரிக்கும் பார்லோ வில்லைக்குள் செருகி, திரும்பி வரும் நடுக்குறியின் நிழலைப் பார்த்து முதன்மைக் கண்ணாடியைத் திருத்துங்கள். அதன்பின் கருவியை 30 டிகிரிக்கு இறக்கி அந்த நிழல் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் குழாய் மூட்டுகளோ மேல்கூடோ தொய்கிறது, இறுக்காமல் மேலே போவதில் அர்த்தமில்லை. குவிய ஆழமும் எஃப்/3.3-இல் கூட்டியும் குறைத்தும் 0.012 மி.மீ.தான். 10:1 நுண்குமிழ் உள்ள ஃபோகஸர் இல்லாவிட்டால் கை தொட்டாலே தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம், வேகமான குழிவைத் துல்லியமாகத் தேய்ப்பதும் கடினம். எஃப்/3.3-இல் ஓரம்வரை சரியாக வந்த கண்ணாடிகள் எஃப்/5-ஐவிட அரிது. அளவீட்டு அறிக்கை கேளுங்கள், ஆனால் விண்மீனில் பார்க்காமல் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பூச்சு: பகலில் பின்பக்கத்திலிருந்து ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஊசித்துளைகள் சில இருந்தால் பரவாயில்லை, மேகம்போல் பரவலாக ஒளி கசிந்தால் மறுபூச்சுக்கு நாளாகிவிட்டது. 25 இன்ச் நுழையும் வெற்றிட அறைகள் குறைவு. எங்கே அனுப்புவது, 35 கிலோ கண்ணாடியை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வடமீன்

மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் கதவு வழி 76 செ.மீ.தான். 25 இன்ச்சை அறைக்குள் கொண்டுவர வழியில்லை. வெளியே சக்கரத்தில் நகரும் கொட்டகை போட்டு அதில் வைக்கலாமா என்று யோசனை. ஆனால் அங்கே வானம் 19.5 அளவுதான். 20 இன்ச்சுக்குப் போனால் 25-ஓடு ஒப்பிடும்போது எவ்வளவு இழப்பு? மோட்டார் இல்லாமல் சமாளிக்கலாமா?

நீள்இரவு

25-க்கும் 20-க்கும் வித்தியாசம் 0.5 மாக்னிட்யூட்டுக்குச் சற்றுக் கீழே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். தனியாகப் பார்க்கும்போது, அன்றைய வானம் கொஞ்சம் தெளிவா மங்கலா என்பதே அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். 12-இலிருந்து 20-க்கு 1.1 மாக்னிட்யூட், உங்கள் தாவலில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்துவிடுகிறது. கொட்டகை யோசனையை 21-க்கு மேற்பட்ட வானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 19.5-இல் நிரந்தரமாக நிற்கும் 25 இன்ச்சைவிட, ஒரு மணி நேரம் பயணம் செய்யும் 20 இன்ச் கேலக்ஸிகளில் அதிகம் காட்டும்.

பலகைத்தச்சன்

மோட்டார் இல்லாமல் முடியும், அசைவு சரியாக இருந்தால். டெஃப்லான் துண்டுகளின் மேல் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அளவில் இருந்தால் கை தள்ளியதும் நகரும், விட்டதும் நிற்கும். சுழலும் பாரம் 80 கிலோ என்றால் அடித்தட்டில் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 27 சதுர செ.மீ., அதாவது 5.2 செ.மீ. சதுரம். துண்டுகள் மிகச் சிறிதானால் அழுத்தம் கூடி மேற்பரப்பு தேயும், பெரிதாகிவிட்டால் முதல் தள்ளலில் ஒட்டிக்கொண்டு பிறகு வெடுக்கென்று குதிக்கும். எதிர்ப்பரப்பு மணிமணியான லேமினேட்டாக இருக்கட்டும், வழவழப்பான ஃபார்மைக்கா குதிக்கும். அதைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள், எண்ணெய் போடாதீர்கள்.

300 மடங்கில் 82 டிகிரி ஐபீஸ் காட்டும் வானம் 16 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை). வானநடுக்கோட்டருகில் ஒரு பொருள் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். ஒருவர் பார்க்கும்போது தள்ளிக்கொண்டே போகலாம். நான்கு பேர் வரிசையில் நின்றால் இரண்டாமவர் குனிவதற்குள் பொருள் வெளியே போயிருக்கும், அங்கேதான் மோட்டார் வேண்டியிருக்கும். சாய்மேடை, அதாவது ஈக்வடோரியல் பிளாட்ஃபார்ம், ஒருமுறை திருப்பினால் ஒரு மணி நேரம் பின்தொடரும். ஆனால் அது ஒரே அட்சரேகைக்குச் செய்யப்படுவது, உயரத்தையும் 15 செ.மீ. கூட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதால் பெரிய கருவிக்கு அதை உறுதியாகச் செய்வது சிரமம். அங்கே இரு அச்சிலும் சர்வோ மோட்டார்தான் சரி. முதலில், கருவி நோக்கும் இடத்தைக் காட்டும் டிஜிட்டல் வட்டங்கள் மட்டும் போடுங்கள். 14 மாக்னிட்யூட் கேலக்ஸியைத் தேடும் நேரம் மிச்சமாகும்.

உச்சியைச் சுற்றிய 10 டிகிரி வட்டத்தில் எந்த டாப்சோனியனும் முரண்டு பிடிக்கும். அங்கே உள்ளதை ஒரு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்.

சாணைக்கல்

20 இன்ச் எஃப்/3.3-க்குப் போகிறீர்கள் என்றால் எடைச் சமநிலையை முன்பே கவனியுங்கள். கோமா திருத்தியும் கனமான ஐபீஸும் சேர்ந்து ஒன்றரை கிலோவை எளிதில் எட்டும், மேல்கூட்டின் நுனியில் அது தலையைச் சாய்க்கும். நீங்கள் வைத்திருக்கும் மிகக் கனமான ஐபீஸோடு 20 டிகிரி உயரத்தில் நிற்கிறதா என்று சோதித்து, தேவையான எதிர் எடையைக் கண்ணாடிப் பெட்டியின் பின்னால் கட்டுங்கள்.

குழாய்களைச் சுற்றும் கருந்துணி தொய்ந்து ஒளிப்பாதைக்குள் வரக் கூடாது. உள்ளே இரண்டு மெல்லிய வளையங்கள் போட்டால் விலகி நிற்கும். பனி பெய்யும் இடத்தில் முதலில் நனைவது செகண்டரிதான். அதன் பின்பக்கம் 12 வோல்ட்டில் 1 அல்லது 2 வாட் சூடு போதும், அதிகமானால் படம் கலங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பகல். விடியலில் கருவியைப் பூட்டியபடியே விட்டுத் தூங்கப் போகாதீர்கள். 20 இன்ச் கண்ணாடியில் விழும் வெயில் சுமார் 200 வாட், அது 15 மி.மீ. அகல வட்டமாகக் குவியும். துணி, ப்ளைவுட், பக்கத்தில் நிற்பவரின் கண் எதுவும் தாங்காது. சூரியன் நேர் எதிரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, சாய்வாக விழுந்தாலும் கூட்டின் ஓரத்தில் எங்கோ குவிந்து எரிக்கும். கண்ணாடியின் மேல் ஒளி புகாத மரமூடி, அதைப் பெட்டியோடு பிடிக்கும் கொக்கி, கிழக்கு வெளுக்கும் முன் மூடுவது. கண்ணாடியை வெளியே எடுத்துக் கழுவும்போதும் இதே விதிதான், நிழலுக்குள் வைத்தே செய்யுங்கள்.